முன்னால் ஒரு கியர், பின்னால் நான்கு

அன்று ஜீப்பில் இருந்தவர்கள்: ஸ்டியரிங்கில் நான். பக்கத்தில் அம்மா, மடியில் பூக்கூடை. பின்சீட்டில் பெரியப்பா, பட்டு வேட்டியில். அவருக்கு எதிரே கூட்டாளி குமார். குமாரின் காலடியில் சீர்த்தட்டுகள். (பெரியம்மா வரவில்லை. ஜீப்பின் அடியில் ஒருமுறை குனிந்து பார்த்தார். தலைவலி என்று போய்ப் படுத்துவிட்டார். எங்கள் குடும்பத்தில் புத்தியுள்ளவர் அவர்தான்.)

மாப்பிள்ளை நான். நிச்சயதார்த்தம் எனக்கு.

ஊரிலேயே மோசமான வண்டி மெக்கானிக்கின் சொந்த வண்டிதான். எனக்குக் கச்சிராயபாளையத்தில் ஒரு பட்டறை, ஒரு பழைய ஃபோர் வீல் ஜீப். கல்வராயன் மலையில் பஸ் போகாத ஊர்களுக்கு ஆளும் மூட்டையும் ஏற்றுவேன். கரியாலூருக்கு அந்தப் பக்கம் அப்படி ஓர் ஊர்தான் செல்வியின் ஊர். அவள் அப்பா ஜீப்பைப் பார்த்துத்தான் பெண் தரச் சம்மதித்தார். என்னைப் பார்த்து இல்லை. செல்வியின் தாய்மாமனுக்கு அதில் இஷ்டமில்லை. அவருக்கும் ஒரு மகன்.

“வெள்ளிக்கெழம பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள தட்டு மாத்தல, எம்புள்ள ரெடியா கீறான்” என்று சொல்லிவிட்டார். மகனுக்குப் புதுச்சட்டை எடுத்துவிட்டதாகவும் தகவல் வந்தது.

அந்த வாரம் பார்த்துப் பின் ஆக்சில் உடைந்தது.

தியாகதுருகம் காயலாங்கடையில் ஒரு ஆக்சில் கிடைத்தது. அதுவும் ஃபோர் வீல் வண்டியில் இருந்ததுதான். ஆனால் வேறு கம்பெனி. ஆக்சிலில் பானை மாதிரி ஒரு வீக்கம் இருக்கும், உள்ளே பல்சக்கரம். என் ஜீப்புக்கு அது வலது பக்கம் தள்ளி இருக்கும். இதற்கு இடது பக்கம்.

“இன்னா மச்சான், பான பக்கம் மாறிக் கீது?” என்றான் குமார்.

“கவுத்துட்டா சரியாப் பூடும்” என்றேன்.

கவிழ்த்தோம். பானை வலது பக்கம் வந்தது. ஸ்பிரிங் பட்டை உட்காரும் திட்டை வெட்டி, மறுபக்கம் வெல்டிங் வைத்தேன். பிரேக் பைப் எட்டவில்லை. வளைத்தேன். என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

(அதைக் கவிழ்த்தால் சக்கரம் எதிர்ப்பக்கம் சுற்றும். இப்போது தெரியும்.)

“ஒரு ரவுண்டு உட்டுப் பாக்கலாமா?” என்றான் குமார்.

அம்மா விடவில்லை. “நல்ல காரியத்துக்குப் போற வண்டி. பூச போடாம உருட்டாதடா.”

வெள்ளிக்கிழமை காலை. சூடம் கொளுத்தி, சக்கரங்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார் அம்மா. ஏறி உட்கார்ந்தோம். ஒன்றாம் கியர். கிளட்சை விட்டேன்.

எலுமிச்சம்பழம் நசுங்கவில்லை. பின்னால் இருந்த கோழிக்கூண்டு நசுங்கியது. (கோழிகள் மேயப் போயிருந்தன.)

“டேய், ரிவர்ஸ்லயா போட்ட?” என்றார் பெரியப்பா.

“ஒண்ணுலதான்.”

இரண்டாவது போட்டேன். இன்னும் வேகமாகப் பின்னால் போனது. ரிவர்ஸ் போட்டேன். முன்னால் போனது. பழம் நசுங்கியது.

“ம், கெளம்பு” என்றார் அம்மா. அவருக்கு அது போதும்.

“ஃபோர் வீல் போடு மச்சான், முன் சக்கரம் இழுத்துக்கும்” என்றான் குமார். லீவரைத் தள்ளினேன். முன் சக்கரம் மலைக்கு இழுத்தது. பின் சக்கரம் கள்ளக்குறிச்சிக்கு இழுத்தது. ஜீப் நின்ற இடத்தில் சாமியாடியது. லீவரை எடுத்துவிட்டேன். (பின் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு முன் சக்கரத்தில் மட்டும் ஓட்டலாமே என்பீர்கள். நீங்கள் அன்று வரவில்லை.)

ரிவர்ஸ் கியரிலேயே மலையடிவாரம் வரை போனோம். இன்ஜின் அலறியது. ஒரு கரும்பு வண்டி எங்களைத் தாண்டிப் போனது. மாட்டு வண்டி.

“இப்டிப் போனா அவன் புள்ளைக்குத்தான் கல்யாணம்” என்றார் பெரியப்பா.

ஜீப்பைத் திருப்பினேன். முதுகை மலைக்குக் காட்டி, ஒன்று, இரண்டு என்று கியர் போட்டு ஏறினேன். கழுத்து முழுக்கப் பின்னால். பெரியப்பா பின்கதவைப் பிடித்துக்கொண்டு வழி சொன்னார்.

“சோத்தாங்கை! சோத்தாங்கைடா! டேய், பள்ளம்!”

ஒரு வளைவில் மேலிருந்து பஸ் வந்தது. டிரைவர் பிரேக் போட்டுத் தலையை நீட்டினார்.

“யோவ், ஏர்றியா எறங்குறியா?”

“மவனுக்கு நிச்சயம் பண்ணப் போறோம்” என்றார் அம்மா.

“அது சரிங்கம்மா, எந்தப் பக்கம்?”

ராகு காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஊருக்குள் நுழைந்தோம். மேளம் நின்றது. ஆரத்தித் தட்டோடு நின்றவர்களுக்கு முதலில் தெரிந்தது பெரியப்பா. பிறகு குமார். மாப்பிள்ளையின் முதுகு கடைசியில்.

தாய்மாமன் முன்னால் வந்தார். “இன்னாயா இது? ஜீப்பு கெட்டுப் பூச்சா?”

கெட்டுவிட்டது என்றால் நிச்சயம் போச்சு. பெரியப்பா நிதானமாக இறங்கி, வேட்டியை உதறிக் கட்டினார்.

“எங்க வழக்கம் தெரியாதுங்களா? நிச்சயத்துக்கு வர்ற மாப்ள முதுகு காட்டித்தான் வரணும். ஆரத்தி எடுத்தப்பறம்தான் திரும்பணும்.”

“நான் கேள்விப்பட்டதே இல்லியே.”

“கீழ அல்லாருக்கும் தெரியுமே” என்றார் அம்மா. பொய் சொல்லும்போது அம்மாவின் முகம் கோயில் சிலை மாதிரி இருக்கும்.

தாய்மாமன் விடவில்லை. “அப்ப திரும்பிப் போவும்போது?”

“நேராப் போவோம். பாருங்களேன்” என்றார் பெரியப்பா.

செல்வியின் அப்பா கும்பிட்டார். “இவ்ளோ மரியாத தெரிஞ்ச சம்மந்தம் எங்க கெடைக்கும்?” தட்டு மாறியது. என் கழுத்து மட்டும் திரும்பவில்லை. செல்வி இடது பக்கம் உட்கார்ந்திருந்தாள். நான் வலது பக்கம் இருந்த தூணைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ரொம்ப அடக்கமான பையன் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

திரும்பும்போது ரிவர்ஸ் போட்டேன். ஜீப் நேராகப் போனது. தாய்மாமன் பார்த்துக்கொண்டே நின்றார்.

அடுத்த முகூர்த்தத்தில் அவர் மகனுக்கு நிச்சயம், அதே ஊரில் இன்னொரு பெண்ணோடு. பெண் வீட்டு வாசலுக்கு அவன் வேனைத் திருப்பி, பின்பக்கமாக வந்து இறங்கினான். அதன்பிறகு ஒருவரும் நேராக வரவில்லை. டெம்போ வந்தது, டிராக்டர் வந்தது. ஒரு ஏழை மாப்பிள்ளையை மோட்டார் சைக்கிளோடு இரண்டு பேர் பின்னால் இழுத்து வந்தார்கள். கேட்டால் முன்னோர் வழக்கம் என்கிறார்கள். செல்விக்கு விஷயம் தெரியும். மேளச்சத்தம் கேட்டால் போதும், என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சிரிப்பாள். ஆக்சிலை எப்போதோ நிமிர்த்திவிட்டேன். வழக்கத்தை நிமிர்த்த முடியவில்லை.

இதுவரை பதினான்கு மாப்பிள்ளைகள்.