சுவர் ஏறிய பொய்

கிட்ட வாருங்கள். இன்னும் கொஞ்சம். என் வலது பக்கமாகவே உட்காருங்கள், கையைத் தூக்கிக் காட்டவேண்டிய இடம் ஒன்று வரும். சத்தமாகச் சொல்ல முடியாது, என் வீட்டுக்காரி உள்ளேதான் இருக்கிறாள். நான் மனசுக்குள் முணுமுணுத்தால்கூட அடுத்த அறையிலிருந்து பதில் வரும்.

நான் பெயிண்டர். 'தலைக்கு மேல வேலை' என்று ஊரெல்லாம் பேச்சுக்குச் சொல்லும். எனக்கு நிஜமாகவே தலைக்கு மேல்தான் வேலை. முப்பத்திரண்டு வருஷம் அடுத்தவன் வீட்டுச் சீலிங்கை அண்ணாந்து பார்த்து ரோலர் தள்ளியவன். தள்ளித் தள்ளி வலது தோள் படுத்துக்கொண்டது. எட்டு மாசமாக வலி. சட்டை மாட்ட வலி. தலை சீவ வலி. முதுகு அரித்தால் கதவு நிலையில் மாடு மாதிரி உரசிக்கொள்வேன். கை மார்புக்கு மேல் வரமாட்டேன் என்று விட்டது. எங்கள் வீட்டில் அவள் கை ஓங்கி ரொம்ப காலம் ஆகிறது, இப்போது என் கை ஓங்க வழியே இல்லை.

அப்போதுதான் மேஸ்திரி வந்தார்.

"பள்ளிக்கூடத்துக்கு லீவு விட ரெண்டரை மாசம் இருக்கு. முப்பது ரூமு. சீலிங் அத்தனையும் உனக்குத்தான் வச்சிருக்கேன். கை வந்தா வா. வரலைன்னா இப்பவே சொல்லிடு, வேற ஆளப் பாத்துக்கறேன்."

"வரும்" என்றேன்.

"எப்படி வரும்? பஸ் ஏறியா?" என்றாள் உள்ளேயிருந்து அவள்.

மறுநாளே என்னைப் பிசியோதெரபிக்கு இழுத்துப் போனாள். அங்கே ஒரு சின்னப் பொண்ணு. பார்த்தால் ஊதினால் பறக்கும் உடம்பு, விரல் மட்டும் கொறடு.

"வலிச்சா சொல்லுங்க அய்யா."

"வலிக்குதும்மா!"

"நல்லது. இங்க?"

"அம்மாடி!"

"ரொம்ப நல்லது."

வலிக்கிறது என்றால் நல்லது என்கிற ஆளை என்ன செய்வது? தோள் மூட்டு இறுகிப்போயிருக்கிறதாம். தினமும் வெந்நீர்ப் பை வைக்க வேண்டும். குனிந்து நின்று கையைக் கிணற்று வாளி மாதிரி ஆட்ட வேண்டும். அப்புறம் சுவரில் விரலை வைத்து எறும்பு மாதிரி மெல்ல ஏற்ற வேண்டும். "தாங்கற அளவுக்குப் போங்க. எட்டின எடத்துல பென்சில்ல ஒரு கோடு போடுங்க. ஆறு வாரம் கழிச்சு வந்து காட்டுங்க. விடாம செஞ்சா கை கண்டிப்பா வந்துடும்."

வீட்டுக்கு வந்து படுக்கையறைச் சுவரில் விரலை வைத்தேன். எறும்பு நாலு அடி வைத்தது. அஞ்சாவது அடியில் பட்டப்பகலில் நட்சத்திரம் தெரிந்தது. நின்ற இடத்தில் அந்தக் கையாலேயே கோடு போட்டேன். சரியாக மார்புக்கு நேரே.

அன்றைக்கே சபதம் எடுத்தேன். சாரம் கட்டிச் சுவரையே ஆண்டவன் நான். கிழவயசில் அதே சுவரில் எறும்பாக ஊருவதா? முடியாது. எவள் சொன்னாலும் முடியாது.

வெளியே சொன்ன காரணம் அது. உங்களிடம் மட்டும் உள்ளதைச் சொல்கிறேன். பயம். தினமும் தூக்கிப் பார்த்து, தினமும் வராமல் போனால்? தூக்காமலே இருந்தால், தூக்கினால் வரும் என்று நம்பிக்கொண்டாவது இருக்கலாமே.

அதனால் ஒரு வேலை செய்தேன். காலையில் கதவைச் சாத்துவேன். கட்டிலில் காலை நீட்டி ரேடியோ கேட்பேன். நடுநடுவே "ஆ... அப்பா... ஸ்ஸ்..." என்று ரெண்டு சத்தம். அரை மணி கழித்து எழுந்து, நல்ல கையான இடது கையால், நேற்றைய கோட்டுக்கு ஒரு விரல்கட்டை மேலே புதுக் கோடு. கதவைத் திறப்பேன்.

அவள் வந்து கோட்டைப் பார்ப்பாள். என்னைப் பார்ப்பாள்.

"அட! நேத்தைக்கு இன்னிக்கு ஏறியிருக்கே!"

"பின்ன? யார் கைன்னு நெனச்சே?"

இரண்டு வாரத்தில் கோடு என் நெற்றிக்கு வந்துவிட்டது. கை அதே மார்பில்தான். பதினைந்தாம் நாள் சுத்தியல் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால், அவள் கடைசிக் கோட்டின் மேலேயே ஒரு ஆணி அடித்து என் சட்டையை மாட்டிக்கொண்டிருக்கிறாள்.

"என்ன இது?"

"உங்க கைதான் இதுவரைக்கும் வருதே. இனிமே சட்டை இங்கதான். அதுவும் ஒரு பயிற்சிதானே?"

எனக்கென்ன, இடது கை இருக்கிறது என்று நினைத்தேன். நீட்டினேன். அதற்குள் அவள் அந்தக் கையில் ஒரு கிண்ணத்தை வைத்தாள். விளிம்பு வரைக்கும் எண்ணெய்.

"இதக் கொஞ்சம் புடிங்க. சிந்தாம. இப்ப வலது கையால எடுங்க, பாக்கறேன்."

"இன்னிக்குக் கொஞ்சம் பிடிப்பா இருக்கு..."

"ஐயையோ! ஏறின கை ஒரே ராத்திரில எறங்கிடுச்சா? இருங்க, அந்தப் பொண்ணுக்குப் போன் போடறேன்."

"வேணாம் வேணாம்! அதான் வெளிய போற வேலை இல்லையே. சட்டை எதுக்கு?"

சட்டைப் பக்கம் போனாலே எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து நின்றாள். ரெண்டு நாள் பனியனோடு வீட்டில் கிடந்தேன். பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா எட்டிப் பார்த்து, "என்னண்ணே, சட்டை தைக்கக் குடுத்திருக்கீங்களா? என்கிட்ட வரலையே!" என்றாள். மானம் போயிற்று. ஏறி நின்றால் வலது கைக்கே ஆணி எட்டுமே என்று ஸ்டூலைத் தேடினேன். அதையும் அந்தத் தையல்காரம்மாவுக்கே இரவல் கொடுத்திருக்கிறாள் என் மகராசி.

அப்போதுதான் புரிந்தது. உண்மையைச் சொன்னால் அவளிடம் தோற்றுப்போவேன். சொல்லாவிட்டால் பனியன். செத்தாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன். மூன்றாவதாக ஒரு வழிதான் இருந்தது: என் கை என் பொய்யைப் போய்ப் பிடிக்க வேண்டும்!

நல்லவேளை, அந்த வாரத்திலிருந்து அவளுக்குக் காலையில் தையல்காரம்மா வீட்டில் ஏதோ வேலை. அரை மணி நேரம் இருக்க மாட்டாள். போகிறவள் வெந்நீர்ப் பையைக் கட்டில்மேல் மறந்து வைத்துவிட்டுப் போவாள். தினமும் மறப்பாள். மறதிக்காரி, நம் அதிர்ஷ்டம் என்று எடுத்துத் தோளில் வைப்பேன். வாளி ஆட்டுவேன். எறும்பை ஏற்றுவேன். பல்லைக் கடித்துக்கொண்டு, அவளைத் திட்டிக்கொண்டு ஏற்றுவேன். ஒரு திட்டுக்கு ஒரு விரல்.

"உனக்கு எதிரா ஏறுது பாரு இந்தக் கை! பாருடி!"

சந்தேகம் வரக் கூடாதே என்று பொய்க் கோட்டையும் ஏற்றினேன், ஆனால் முடி கனத்துக்கு. அவள் கேட்டால், "மேல போகப் போக மெதுவாத்தான் ஏறும்" என்பேன். முன்னால் பொய் நடந்தது, பின்னால் கை துரத்தியது. கழுத்து. வாய். ஒரு வாரம் மூக்கிலேயே நின்று அழவைத்தது. வாளி, வெந்நீர், எறும்பு. அப்புறம் ஒரு காலை, நாற்பதாம் நாள் இருக்கும், விரலில் ஏதோ குளிர்ச்சியாகத் தட்டியது.

ஆணி.

சட்டையை எடுத்தேன். மாட்டினேன். திரும்ப எடுத்தேன். யாரும் இல்லாத அறையில் ஏழு தடவை சட்டையை எடுத்து மாட்டினேன். கண்ணில் தண்ணீர். வலியால் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆறு வாரம் முடிந்து காட்டப் போனோம். "ரொம்ப நல்லா வந்திருக்கு, ஆனா விட்டுடாதீங்க" என்றது அந்தப் பொண்ணு. மேஸ்திரி சொன்ன நாள் வந்தபோது கை தலைக்கு மேலே நிமிர்ந்து நின்றது. இதோ, இப்படி. பார்த்தீர்களா?

அன்றைக்கு மேஸ்திரி வாசலில் வண்டியோடு நின்றார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. ஜெயித்தவன் சும்மா போகலாமா? அவளை அந்தச் சுவருக்கு முன்னால் கூப்பிட்டேன்.

"இந்தா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். பதினாலு நாளு உன்ன ஏமாத்தினேன். அந்தக் கோடெல்லாம் பொய்! படுத்துக்கிட்டுப் பாட்டு கேட்டேன்!"

"தெரியும்" என்றாள்.

"என்னது? எப்ப?"

"ரெண்டாம் நாளே. இங்க பாருங்க. மொத நாள் கோடு. கோணி, நடுங்கி, பாதில நிக்குது. வலிக்கிற கை அப்படித்தான் போடும். அதுக்கு மேல ஆணி வரைக்கும் இருக்கறதப் பாருங்க. எல்லாம் ஒரே நீளம், ஒரே இடைவெளி, ரசமட்டம் வச்ச மாதிரி. பெயிண்டர் புத்தி எங்க போகும்? பொய் சொன்னாலும் நூல் புடிச்சுத்தான் சொல்றீங்க."

"அப்போ... காலைல தையல்காரம்மா வீட்டு வேலை?"

அவள் ஜன்னலைக் காட்டினாள். அந்தப் பக்கம் தையல்காரம்மா வீட்டு ஜன்னல். அங்கே எங்கள் வீட்டு ஸ்டூல் போட்டு இருந்தது. அதன்மேல் தையல்காரம்மா டீத் தம்ளரோடு உட்கார்ந்து கையாட்டினாள்.

"அண்ணே, மூக்குகிட்ட நின்ன வாரம் எனக்கே அழுகை வந்துடுச்சு! ஆனா என்ன திட்டு, என்ன திட்டு!"

"அம்புட்டும் கேட்டீங்களா?"

"நானும்தான் கேட்டேன்" என்றாள் என் மகராசி. "ஒரு திட்டுக்கு ஒரு விரல்னா லாபம்தானே."

வெளியே மேஸ்திரி ஹாரன் அடித்தார். ஒருமுறை. ரெண்டுமுறை.

"சரி சரி, சட்டையக் குடு, நேரமாச்சு!"

அவள் சுவரிலிருந்த ஆணியைப் பிடுங்கினாள். கட்டிலை இழுத்துப் போட்டு ஏறி, ஒரு முழம் மேலே அடித்து, என் சட்டையை அதில் மாட்டினாள். இறங்கி வந்து, விளிம்பு வரைக்கும் எண்ணெய் ஊற்றிய கிண்ணத்தை என் இடது கையில் வைத்தாள்.