அக்கா முகத்தில் மாட்டிக்கொண்ட சிரிப்பு

மரியாதைக்குரிய ஹோட்டல் மேனேஜர் சார் அவர்களுக்கு,

உங்கள் ரிசப்ஷனில் நிற்கும், நீங்கள் எல்லாரும் 'சிரிச்ச முகம்' என்று கூப்பிடும் ஊழியரின் தம்பி எழுதுவது. நீங்களும் உங்கள் லிஃப்ட்டும் நலமாக இருக்க வேண்டுகிறேன். (லிஃப்ட் நலமில்லை என்று ரிவ்யூவில் படித்தேன்.)

சார், நான் அக்காவோட வெறித்தனமான ரசிகன். உங்க ஹோட்டலுக்கு வந்த ரிவ்யூ ஒண்ணு விடாம படிச்சிருக்கேன். 'ஏசி ஓடவில்லை, தலையணை கல், ஆனால் ரிசப்ஷன் பெண்ணின் சிரிப்புக்காக நாலு ஸ்டார்'னு ஒருத்தர் போட்டதுதான் என் போன் வால்பேப்பர். நாலு பேர் ஒரே நேரத்துல கத்தினாலும் நாலு பேரையும் சமாதானப்படுத்தி ரூமுக்கு அனுப்புற ஆளு சார் அவ, வேற லெவல்! பிரச்சினை என்னன்னா, அந்தச் சிரிப்பு வீட்டுக்கு வந்தும் கழல மாட்டேங்குது. குக்கர் விசில் அடிச்சா டிவி ரிமோட்டை எடுத்துக் காதுல வெச்சு "வணக்கம், ரிசப்ஷன்"ங்கிறா. அப்பா குளிக்கிறப்போ கதவைத் தட்டி "எப்ப காலி பண்றீங்க சார்?"னு கேக்குறா. காபி ஆறிப்போச்சுன்னு ஊர்லேருந்து வந்திருந்த மாமா சும்மா ஒரு வார்த்தை சொல்ல, "சிரமத்துக்கு வருந்துகிறோம்"னு அவருக்கு அப்பா அம்மா ரூமையே கொடுத்துட்டா. அப்பா சோபாவுல, அம்மா என் கட்டில்ல, நான் தரையில. இதுக்கெல்லாம் விழுந்து விழுந்து சிரிச்சோம் சார். ஆனா நேத்து வெந்நீர் அவ கையில கொட்டிருச்சு. தோல் செவந்துபோச்சு, கண்ணுல தண்ணி, முகத்துல அதே சிரிப்பு. "பரவாயில்ல சார், ஒண்ணுமில்ல சார்"ங்கிறா, என்னைப் பார்த்து! அப்பத்தான் பயந்துட்டேன். மனநல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம், பத்து நாள் கட்டாயம் ஓய்வுன்னுட்டாங்க. இவளோ, "எங்க மேனேஜர் பாவம்டா, ஆளே இல்ல, எந்த முகத்தோட லீவு கேப்பேன்?"ங்கிறா. அதனால நான் கேக்குறேன். கொடுக்கலேன்னா, என்கிட்ட பதினோரு ஐடி இருக்கு. ஒவ்வொண்ணுலயும் ஒரு ஸ்டார்தான் விழும்.

எல்லா அறையும் நிரம்பி, வந்தவர் எல்லாரும் ஹோட்டல் துண்டைச் சுருட்டாமல் விட்டுவிட்டுப் போக வாழ்த்தும்,
சிரிச்ச முகத்தின் தம்பி

பி.கு.: சார், அக்கா இதைப் பிடுங்கிப் படிச்சுட்டா. "அறிவிருக்காடா எருமை? எங்க மேனேஜரையே மிரட்டுவியா? அந்த மனுஷனே தினம் பெட்ஷீட் அடுக்குற ரூமுக்குள்ள போய்த் தலையணையில முகத்தைப் புதைச்சு அழுதுட்டு வர்றாரு!"ன்னு கத்தி, எங்க வீட்டுத் தலையணையை என் மேல எறிஞ்சா. முகத்துல துளி சிரிப்பு இல்ல சார்! அம்மா அடுப்பை அணைச்சுட்டு ஓடி வந்து வாய் பிளந்து பார்த்தாங்க. மிரட்டல் வாபஸ். மேலே கேட்ட லீவை ரெண்டு பேருக்கும்னு திருத்திப் படிச்சுக்கோங்க. அவ இன்னும் திட்டிக்கிட்டேதான் இருக்கா. என்ன ஒரு கோவம் சார், பதினோரு ஐடியிலயும் அஞ்சு ஸ்டார்!