மக்காச்சோள ரோட்டில் என் ஆட்சி

என் வாழ்நாளில் நான் ஆட்சி செய்த மொத்தப் பரப்பு முந்நூறு அடி தார் ரோடு. ஆட்சிக்காலம் காலை ஆறு மணியிலிருந்து மதியம் மூன்று மணிவரை. அதற்குள் ஒரு தெருவையே பகையாளிகளாக்கிவிட்டேன். ஐந்து வருடம் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்க எனக்கே பயமாக இருக்கிறது.

அப்போது எனக்குக் கல்யாணமாகி நாலு மாதம். பெரம்பலூரில் ஒரு தனியார் கல்லூரியில் அரசியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். "அரசாங்கம் மட்டும் இல்லையென்றால் மனிதன் மனிதனை அடித்துத் தின்றுவிடுவான்" என்று மேசையைத் தட்டிச் சொல்வேன். மாணவர்கள் யாரும் மறுத்ததில்லை. (தூங்குகிறவன் எப்படி மறுப்பான்?)

மாமனார் ஊர் அரியலூர் போகிற வழியில் இருக்கிறது. தை மாதம் அங்கே ரோட்டில் பாதி மஞ்சளாகிவிடும். அடித்த மக்காச்சோளத்தை எல்லாரும் அங்கேதான் காயப்போடுவார்கள். அனுமதி கொடுத்தவரும் இல்லை, கேட்டவரும் இல்லை. முதல் நாள் சாயங்காலம் யார் எங்கே கல் வைக்கிறார்களோ, மறுநாள் அந்த இடம் அவர்களுக்கு. அவ்வளவுதான் சட்டம்.

அந்தத் தையில் நான் அங்கே போயிருந்தபோது, ஒரு நாள் விடியற்காலையில் மாமனாரும் மாமியாரும் செந்துறையில் ஒரு துக்கத்துக்குக் கிளம்பினார்கள். மறுநாள் வியாபாரி வருவதாக ஏற்பாடு. ஈரம் இருந்தால் லாரியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். நாலு ஏக்கர் விளைச்சல் அந்த ஒரு நாள் வெயிலை நம்பியிருந்தது.

"மாப்ள, நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். ஆளுங்க வந்து கொட்டிப் பரப்பிடுவாங்க. நாற்காலியைப் போட்டு உக்காந்து, ஆடு வராம பாத்துக்குங்க, போதும்" என்றார் மாமனார்.

ஒன்றும் செய்யாமல் இருக்கத்தான் எனக்கு வராதே. ஆட்கள் வருவதற்குள் ரோட்டைச் சுற்றிப் பார்த்தேன். எது யார் கல், யாருக்கு எத்தனை ஏக்கர் என்று மாமனார் முதல் நாளே காட்டியிருந்தார். அரை ஏக்கர்காரியான காசியம்மாளின் கல் பாலத்தருகே, நல்ல வெயிலில் இருந்தது. நாலு ஏக்கர்காரரான மாமனாரின் கல் பாதி புளியமர நிழலில் கிடந்தது. அநியாயம்! இங்கேதான் கலவரம் வெடிக்கும் என்று என் படிப்பு எச்சரித்தது. (இத்தனை வருடம் வெடிக்கவில்லையே என்று அது கேட்கவில்லை.) ரோட்டைக் காலடியால் அளந்தேன். ஏக்கர் கணக்குப்படி கற்களை நகர்த்தினேன். சட்டைப்பையிலிருந்த சாக்பீஸால் நம்பர் போட்டேன். பாலத்தருகே வெயிலில் மாமனார்தான் நம்பர் ஒன்று; காசியம்மாளுக்குப் புளியமர நிழல்.

முதலில் வந்தவர் பக்கத்து வீட்டு செல்வராசு. "யாருங்க என் கல்ல நவுத்துனது?"

"நான்தாங்க. இனிமே சண்டையே வராது. அவங்கவங்க நம்பர அவங்கவங்க பாத்துக்கணும்."

"அளக்குறதுன்னா முழுசா அளங்க. போன வருசம் என் பங்காளி என் எடத்துல நாலடி தள்ளிக் கல்லப் போட்டான், நான் வாயத் தொறக்கல. அதையும் எடுங்க."

பங்காளி பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார். பத்து மணிக்கு வாய்ச்சண்டை, பதினொன்றுக்குச் சட்டைப்பிடி. காசியம்மாள் மட்டும் சண்டைக்கு வரவில்லை. தன் சோளத்தை நிழலில் கொட்டிவிட்டு, என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். அதற்கு அடித்திருக்கலாம்.

இரண்டு மணிக்கு மேற்கே கறுத்தது. மேகம் கூடினால், யாருடைய சோளம் என்று பார்க்காமல் பக்கத்திலிருப்பதற்கு ஓடி, நாலு பேர் படுதாவின் நாலு மூலையைப் பிடித்து மூடிவிட்டு அடுத்ததற்குப் போவது அந்த ஊர் வழக்கமாம். (இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.) அன்று யாரும் அப்படி ஓடவில்லை. "நாலு பேர் வாங்களேன்!" என்று கத்தினேன்.

"எங்க நம்பர நாங்க பாக்குறோங்க" என்றார் செல்வராசு, மிக மரியாதையாக.

மாமனாரின் படுதாவோடு தனியாக மல்லுக்கட்டினேன். காற்று படுதாவைத் தூக்கியது. விடாமல் பிடித்திருந்ததால் என்னையும் வாய்க்கால்வரை இழுத்துப் போனது. மழை கொட்டி, நாலு ஏக்கர் சோளமும் கண் முன்னே நனைந்தது. அழுகை வந்துவிட்டது, பொய் சொல்வானேன்! அப்போது யாரோ மறுமூலையைப் பிடித்தார்கள். காசியம்மாள்.

"படிச்ச தம்பி, கல்லு எடுத்து மேல வையிங்க. நம்பர் எழுதாம வையிங்க."

மூன்று மணிக்கு மழை விட்டது. சாக்பீஸ் நம்பரெல்லாம் கரைந்து போயிருந்தது. மறுநாள் வியாபாரி ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டு லாரியைத் திருப்பினார். மாப்பிள்ளையைத் திட்ட முடியாத மாமனார் வானத்தைத் திட்டினார். பிறகு ஒவ்வொரு கல்லாகப் பழைய இடத்துக்கே தூக்கிப் போனார். பாலத்தருகே ஒன்றை வைத்தபோது மட்டும் சொன்னார்: "அந்தம்மா ஒத்தையாளு, மாப்ள. சீக்கிரம் காஞ்சாத்தான் சீக்கிரம் அள்ள முடியும்."

பன்னிரண்டு வருடமாகிறது. மேசையைத் தட்டிப் பாடம் நடத்துவதை விட்டுவிட்டேன். ஒவ்வொரு தையிலும் மாமனாரிடமிருந்து தவறாமல் போன் வரும். ஸ்பீக்கரில் போடச் சொல்லி மனைவியும் மகளும் காத்திருப்பார்கள்.

"மாப்ள, நாளைக்கு ரோட்டுல சோளம் கொட்டுறோம்."

"வரட்டுங்களா மாமா?"

"வேணாம்னு சொல்லத்தான் கூப்புட்டேன்."