பல் டப்பாவுக்கும் ஓர் உறை

வீட்டில் உட்கார்ந்து நூல் வேலை செய்கிறவர்களில் மூன்று வகை உண்டு. ஸ்வெட்டர் பின்னுகிறவர்கள், ஒட்டுத்துணிகளைச் சேர்த்துப் போர்வை தைக்கிறவர்கள், உறை போடுகிறவர்கள். முதல் இரண்டு வகையினரால் யாருக்கும் ஆபத்தில்லை. ஸ்வெட்டருக்குக் கை இரண்டு, கழுத்து ஒன்று, அதோடு தீர்ந்தது. போர்வைக்குக் கட்டில் எல்லை. உறை போடுகிறவருக்கு எது எல்லை? உலகத்தில் மூடப்படாத பொருள் ஒன்று மிச்சம் இருக்கும் வரை அவருக்கு வேலை இருக்கிறது. நான் சொல்ல வந்தது இந்த மூன்றாவது வகையைப் பற்றி.

இவர்களை அடையாளம் காண்பது எளிது. நுனி கொக்கியாக வளைந்த குரோஷா ஊசி ஒன்று கைப்பையிலோ கொண்டையிலோ எப்போதும் இருக்கும். பெண்கள்தான் என்று நினைத்துவிடாதீர்கள். லாரி ஓட்டுகிற ஒருவரை எனக்குத் தெரியும். அவர் வண்டியின் கியர் குமிழ் குஞ்சம் வைத்த குல்லா போட்டிருக்கிறது, சிவப்பில் ஒன்று, மழைக்காலத்துக்குப் பச்சையில் ஒன்று. ஊசி கண்ணில் படவில்லையா? விரல்களைப் பாருங்கள். நீங்கள் புதிதாக ஒரு தண்ணீர்க் குடுவை வாங்கிக்கொண்டு போனால், மற்றவர்கள் விலை கேட்பார்கள், எங்கே வாங்கியது என்று கேட்பார்கள். இவர் எதுவும் கேட்க மாட்டார், கையில் வாங்கி, "ரொம்ப அழகா இருக்கே" என்று சொல்லிக்கொண்டே கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் விரித்து அதன் இடுப்பில் ஒரு சாண், கழுத்தில் அரைச் சாண் போட்டுவிட்டுத் திருப்பித் தருவார். அளவு எடுத்தாகிவிட்டது. இனி அந்தக் குடுவையை யாராலும் காப்பாற்ற முடியாது.

இவர்கள் பேசுவது பெரும்பாலும் மூன்றே வாக்கியம். "பாவம், மொட்டையா இருக்கு." "தூசி படியாதில்ல?" "நூல் கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு, அவ்வளவுதான்." மூன்றாவது வாக்கியத்தை நம்பாதீர்கள். மிச்ச நூல் எந்த உறைக்கும் போதியதாக வரலாறே இல்லை. முக்கால் உறையில் தீர்ந்துபோகும், அதை முடிக்க ஒரு புது உருண்டை வாங்குவார்கள், முடித்ததும் முக்கால் உருண்டை மிஞ்சும், மிஞ்சியதை வீணாக்கலாமா? என் தங்கையிடம் இது முப்பத்தோரு ஆண்டுகளாக நடக்கிறது. அவள் முதலில் வாங்கிய உருண்டை இன்னும் தீரவில்லை என்றே சொல்ல வேண்டும்.

ஆம், என் தங்கை இந்த வகையில் தலைசிறந்தவள். ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவள் வீட்டுக் கூடத்தில் மட்டும் எண்ணிப் பார்த்தேன்: நாற்பத்துமூன்று உறைகள். கடிகாரத்துக்கு விளிம்புச் சுருக்கம் வைத்த சட்டை. நாற்காலிகளின் பதினாறு கால்களுக்குப் பதினாறு காலுறை. பூச்சாடிக்கு ஓர் உறை, அந்தச் சாடியில் இருக்கும் பிளாஸ்டிக் பூவுக்குக் குளிராமல் இருக்க இன்னொன்று. சமையலறையில் உப்பு ஜாடிக்கும் சர்க்கரை ஜாடிக்கும் ஒரே மாதிரி தொப்பி. அவள் வீட்டில் நான் இதுவரை நான்கு முறை உப்புத் தேநீர் குடித்திருக்கிறேன். குளியலறைக் குழாய்க்கும் ஓர் உறை போட்டாள். குழாயைத் திறந்தால் உறை நனையும், மூடிய பிறகும் மாலை வரை சொட்டும். ஒழுகுகிறது என்று குழாய்க்காரரை இரண்டு முறை அழைத்தாள். இரண்டாம் முறை அவர் உறையைக் கழற்றிப் பிழிந்து காட்டினார்.

"குழாய்ல ஒண்ணுமில்லம்மா. இதான் ஒழுகுது."

என் தங்கை அதைக் காதில் வாங்கவில்லை. அவர் கையிலிருந்த ஸ்பேனரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் தம்பி, குளிர்காலத்துல இதைப் பிடிச்சா கை சில்லுனு இருக்காது?"

அவர் கூலியைக்கூட மறுநாள் ஆள் அனுப்பித்தான் வாங்கிக்கொண்டார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மதிய வெளிச்சத்தில் ஜன்னலோரம் கால் நீட்டி உட்கார்ந்து, உருண்டை மடியில் துள்ள, ஊசி உள்ளே போய் நூலைப் பிடித்து வெளியே வர, உதட்டுக்குள் கண்ணிகளை எண்ணிக்கொண்டிருக்கும்போது அவள் முகத்தில் ஒரு நிம்மதி வரும் பாருங்கள், அதை நான் வேறு எந்த முகத்திலும் பார்த்ததில்லை. வீடே இடிந்து விழுந்தாலும் அந்த வரிசையை முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். எழுந்ததும் இடிபாட்டுக்கு அளவு எடுப்பாள்.

அவளுக்கு ஒரு பெருமை உண்டு. உறையை முடித்த பிறகு தொங்கும் நூல் முனையை எல்லோரும் இரண்டு அங்குலம் உள்ளே செருகி மறைப்பார்கள். இவள் எட்டு அங்குலம் மறைப்பாள். நேரே போய், திரும்பி வந்து, குறுக்கே புகுந்து. பிறகு என்னிடம் நீட்டுவாள். "முனை எங்கன்னு கண்டுபிடிங்க அண்ணா, பார்க்கலாம்!" நான் ஒரு முறையும் கண்டுபிடித்ததில்லை.

அவள் கணவர், எங்கள் மாப்பிள்ளை, ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது, எத்தனை மணி நேரம் தாமதம் என்று முப்பத்தெட்டு ஆண்டுகள் ஒலிபெருக்கியில் சொன்ன குரல் அவருடையது. கணீரென்ற குரல். ஆனால் அதில் அவர் சொன்ன ஒரு வாக்கியம்கூட அவருடைய சொந்த வாக்கியம் இல்லை. எல்லாம் யாரோ எழுதிக் கொடுத்தவை. எனவே ஓய்வு பெற்ற ஊழியர் சங்கத்தார், "ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு உங்களுக்குப் பாராட்டு விழா, ஏற்புரை நீங்கள்தான்" என்று சொன்னபோது அவர் ஆடிப்போய்விட்டார். பதினான்கு பக்கம் எழுதினார். பதினோரு நாள் குளியலறையில் பேசிப் பழகினார்.

ஒரே ஒரு விஷயம். அந்தக் குரல் இப்போது பல் செட்டை நம்பி இருந்தது. மேலே ஒன்று, கீழே ஒன்று. இரண்டும் வாயில் இருந்தால் ரயில் நிலையம். இல்லாவிட்டால் வெறும் காற்று.

ஞாயிறு மதியம் இரண்டு மணிக்குப் பல் செட்டைக் கழற்றி டப்பாவில் வைத்துவிட்டுப் படுத்தார். அவர்களோடு விழாவுக்குப் போக நான் மூன்று முப்பத்தைந்துக்குப் போய்ச் சேர்ந்தேன். மூன்று நாற்பதுக்கு எழுந்து டப்பாவுக்குக் கை நீட்டினார். கையில் வந்தது நீல நிறத்தில் உருண்டையாக ஒன்று. உச்சியில் மஞ்சள் கம்பளிப் பூ.

இனி வருவதை அவர் பல் இல்லாமல் பேசினார். உங்கள் வசதிக்காகப் பல்லோடு எழுதுகிறேன்.

"என்னம்மா இது?"

"எப்படி இருக்குங்க? விழாவுக்குப் போற அன்னிக்குக்கூட அந்த டப்பா மொட்டையா இருக்கணுமா?"

அவர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இதுக்கு வாய் எங்க இருக்கு?"

"பொத்தான் வெச்சுத் திறக்கிற மாதிரிதான் போடலாம்னு இருந்தேன். சுத்திச் சுத்திப் போட்டுக்கிட்டே வந்தேனா, அப்படியே அழகா மூடிக்கிட்டு வந்துடுச்சு. நடுவுல விட மனசே வரலைங்க."

"உள்ள என் பல்லு இருக்கு."

"தெரியுமே. ஆட்டினா சத்தம் கேக்குது, பாருங்க." ஆட்டிக் காட்டினாள். கேட்டது.

நான் கத்தரிக்கோலை எடுத்தேன். அதற்கும் ஓர் உறை. அதைக் கழற்றவே நேரம் பிடித்தது. அதற்குள் அவள் குறுக்கே வந்து நின்றுவிட்டாள். இந்த வகையினர் வெட்ட மாட்டார்கள். பிரிப்பார்கள்.

"அதைக் கீழ வைங்க அண்ணா. எதுக்கு வெட்டணும்? முனையைப் பிடிச்சு இழுத்தா சரசரன்னு வந்துடப் போகுது."

"முனை எங்கே?" என்றேன்.

அவள் டப்பாவைப் பார்த்தாள். எங்களைப் பார்த்தாள். "அதான் யாராலயும் கண்டுபிடிக்க முடியாத மாதிரி மறைச்சிட்டேனே" என்றாள். பாதிக் கவலை, பாதி, சொல்லவே கூச்சமாக இருக்கிறது, பெருமை.

தேடத் தொடங்கினோம். பூதக்கண்ணாடி வந்தது, அதன் பிடிக்கு உறை. மேசை விளக்கு வந்தது. அதன் கழுத்துக்கு உறை. அடியில் தேடினோம், பக்கத்தில் தேடினோம். பூவின் பக்கம் மட்டும் அவள் விடவில்லை. "பூவைத் தொடாதீங்க, அது தனியாத் தைச்சது, பிய்ஞ்சுடும்." மாப்பிள்ளை பதினான்கு பக்கத்தையும் மார்போடு அணைத்துக்கொண்டு கூடத்தில் நடந்தார்.

"நாலரைக்குக் கிளம்பணும் மச்சான். ஊருக்கெல்லாம் நேரம் சொன்னவன் லேட்டாப் போனா என்ன சொல்வாங்க?"

"ஏற்படும் சிரமத்துக்கு வருந்துகிறோம்னு சொல்வாங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை. சிரிப்பதற்கான சாதனம் டப்பாவுக்குள் இருந்தது.

நான்கு பதின்மூன்றுக்கு அவர் கத்தரிக்கோலைக் கையில் எடுத்தார். என் தங்கை தடுக்கவில்லை. ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "வெட்டிடுங்க. ஒன்றரை மணி நேர வேலைதானே, போனாப் போகுது" என்றாள். அந்தக் குரலைக் கேட்ட பிறகு எந்தக் கணவருக்குக் கை ஓடும்? உறையின் மேல் கத்தரி வைக்க அவருக்கு மனம் வரவில்லை. ஆனால் பதினான்கு பக்கத்தையும் விட மனமில்லை. இரண்டுக்கும் நடுவில், பூவை மட்டும் கழுத்தோடு நறுக்கினார்.

பூவுக்கு அடியில் முடிச்சு இருந்தது. முடிச்சிலிருந்து முனை கிளம்பியது.

"அட, ஆமா! மேலதானே முடிச்சேன்! முடிச்சு தெரியக் கூடாதுன்னுதானே பூவே வெச்சேன்!" என்று என் தங்கை கைதட்டினாள். அவர் நூலைப் பிடித்து இழுக்கப் போனார். "ஐயோ, அப்படி இழுக்காதீங்க, சிக்காயிடும்!" உடனே அவர் டப்பாவைச் சுழற்ற, நான் இரண்டு கையையும் முன்னால் நீட்டி நிற்க, அவள் என் கைகளில் சுற்றி, பிறகு உருண்டையாகச் சுருட்டி, அவசரம் என்பதற்காக ஒரு சுற்றைக்கூடத் தளர்வாக விடாமல், நான்கு இருபத்தொன்பதுக்குப் பல் செட்டை வெளியே எடுத்தோம். அவர் மாட்டிக்கொண்டு சொன்ன முதல் வார்த்தை "கிளம்புங்க!" ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

விழாவில் முதலில் நினைவுப் பரிசு கொடுத்தார்கள். மரப் பலகை, அதில் பித்தளைத் தகடு, தகட்டில் ஏதோ நான்கு வரி பொறித்திருந்தது. கண்ணாடி போடாததால் அவர் படிக்கவில்லை. முன்வரிசையில் இருந்த என் தங்கையிடம் கொடுத்துவிட்டு மைக் முன்னால் போய் நின்றார். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று பழக்கதோஷத்தில் ஆரம்பித்தார். அரங்கம் சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு, அடுத்த வாக்கியத்திலிருந்து சொந்தமாகப் பேசினார். ஐம்பத்திரண்டு நிமிடம். எந்த வண்டியும் வரவில்லை, எந்த வண்டியும் போகவில்லை, ஆனாலும் ஒருவர்கூட எழுந்து போகவில்லை. கடைசியில் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

முகமெல்லாம் வேர்த்து, இருபது வயது குறைந்தவர் மாதிரி கீழே இறங்கி வந்தார். "எங்க, பலகையைக் கொடு. என்னைப் பத்தி என்ன எழுதியிருக்காங்கன்னு பார்ப்போம்."

என் தங்கை நீட்டினாள். பலகை நீல நிறத்தில் இருந்தது. நான்கு மூலையும் கச்சிதம். முனை எங்கேயும் தெரியவில்லை.

"ஐம்பத்திரண்டு நிமிஷம் சும்மா உக்கார்ந்திருக்க முடியுமாங்க? உங்க பேச்சு அவ்வளவு நல்லா இருந்துச்சு, கை தானா ஓடுச்சு."

அவர் அதைத் தடவிப் பார்த்தார். "சரி, இருக்கட்டும்" என்றார். "அவங்க என்ன எழுதியிருந்தா என்ன? நான் சொல்ல வேண்டியதை நான் சொல்லிட்டேன்." வீடு வரும் வரை அதை மடியில் வைத்துக்கொண்டு, பேசியதில் நன்றாக வந்த இடங்களை எங்களுக்கு மறுபடியும் பேசிக் காட்டிக்கொண்டு வந்தார்.

நீங்கள் இப்போது சிரிக்கிறீர்கள். குரோஷா ஊசியைத் தொட்டதே இல்லை, எனக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்கிறீர்கள். மெத்த சரி. உங்கள் டி.வி. ரிமோட் கடையிலிருந்து வந்த நாளில் சுற்றியிருந்த பிளாஸ்டிக்கில் இன்னும் இருக்கிறதே, எண்கள் அழிந்தது தெரியாத அளவுக்கு மங்கி, ஒரு மூலையில் கிழிந்து, அதன் மேல் நீங்களே ரப்பர் பேண்டு போட்டு? புது மெத்தை படுத்தால் சரக் சரக் என்று சத்தம் போடுகிறதே, அதன் பாலிதீனை எப்போது கழற்றுவதாக உத்தேசம்? போகட்டும், ஒரு சுலபமான கேள்வி. உங்கள் கைபேசி உறைக்குள்ளே என்ன நிறம்? கழற்றிப் பார்க்காமல் சொல்ல வேண்டும்.

எனக்குத் தெரிந்த உறை போடுகிறவர்களை ஒரு நோட்டில் வரிசையாக எழுதி வைத்திருக்கிறேன். இருபத்தேழு பேர் ஆகிறது. இருபத்தெட்டு என்று எண் போட்டு, எதிரே இடம் விட்டிருக்கிறேன். நீங்கள் நிறத்தை யோசித்துச் சொல்லுங்கள், எனக்கு அவசரமில்லை.