உலையில் ஒரே போடு

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல ஒரு நொடி போதும். வெட்கப்பட்டுச் சொல்லாமல் விட்டால் ஒரு கட்டடமே காலியாகலாம். என்னால் ஆகியிருக்கிறது.

அப்போது கிணத்துக்கடவுக்குப் பக்கத்திலிருந்து பஸ் ஏறிப் போய் அரசுக் கல்லூரியில் வேதியியல் படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தென்னந்தோப்பில் கூலி வேலை. எங்கள் கல்லூரியில் உலை என்றால் அது கேன்டீனில் கொதிக்கும் சோற்று உலை மட்டும்தான். கோவையின் பெரிய பல்கலைக்கழகம் ஒன்று எங்கள் கல்லூரியோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. பட்டியலின, பழங்குடிக் குடும்பத்துப் பிள்ளைகள் கோடை விடுமுறையில் அங்கே வந்து பொருளறிவியல் ஆய்வு செய்யலாம். எங்கள் கல்லூரியிலிருந்து முதல் ஆளாகப் போனது நான்.

கொட்டாங்குச்சிப் பொடியை மின் உலையில் காற்றுப் படாமல் சுட்டு, மின்சாரம் சேமிக்க உதவும் கரியாக்குவது என் வேலை. ("கரி சுடறதுக்கா கண்ணு காலேஜுக்கு அனுப்புனோம்?" என்றார் அப்பா. கேட்டுவிட்டு, அம்மாவோடு உட்கார்ந்து ஒரு சாக்கு கொட்டாங்குச்சியை இடித்தும் கொடுத்தார்.)

வேலை சொல்லிக்கொடுத்தவர் ஆய்வு மாணவர் ஸ்ரீஜித் அண்ணன், பாலக்காட்டுக்காரர். நான் சேர்ந்து கொஞ்ச நாளில், அடுத்த வருடமும் பிள்ளைகளை எடுப்பதா என்று முடிவு செய்ய இரண்டு பக்கத்துப் பேராசிரியர்களும் கூடினார்கள். பெற்றோருக்கும் அழைப்பு. அம்மா கல்யாணத்துக்குக் கட்டும் சேலையில் வந்திருந்தாள்.

அதுவரை நான் பொடியைச் சலித்ததோடு சரி. அன்று ஸ்ரீஜித் அண்ணன் உலையை முடுக்கி, நைட்ரஜன் குழாயையும் திறந்துவிட்டு, கூட்டத்துக்கு ஓடிக்கொண்டே சொன்னார்: "கவிதா, ஒரு போட் போட்டா மதி, கேட்டோ!"

போட் என்பது படகு வடிவத்தில் விரல் நீளத்துக்கு இருக்கும் பீங்கான் கிண்ணம். அதில் கொஞ்சம் பொடி எடுத்து உலைக்குள் வைக்க வேண்டும். 'மதி' என்றால் மலையாளத்தில் 'போதும்'. இதெல்லாம் இன்று தெரியும். அன்று என் காதில் விழுந்தது 'ஒரே போடாகப் போடு' என்பதுதான். மதி என்றதை, புத்தியுள்ள பெண் என்று மெச்சுகிறார் போலிருக்கிறது என எடுத்துக்கொண்டேன். (அந்த மதியை என்ன சொல்ல!) கொஞ்சம் சந்தேகம் வந்தது. ஆனால் ஓடிப் போய்க் கேட்டால், இதுகூடத் தெரியாமல் வந்திருக்கிறாள் என்று நினைப்பார்களே. அகலமான பீங்கான் தட்டு ஒன்றில் பொடியைக் கோபுரமாகக் குவித்து உள்ளே தள்ளினேன்.

சற்று நேரத்தில் உலைக்கதவின் இடுக்கிலிருந்து மஞ்சள் புகை வந்தது. பிறகு அறை தெரியவில்லை. பிறகு நானே எனக்குத் தெரியவில்லை. அபாய மணி அலறியது.

எல்லோரும் வெளியே வாகை மரத்தடிக்கு ஓடினார்கள். அங்கே அம்மா, பக்கத்தில் நின்ற பல்கலைக்கழகத் துறைத்தலைவியிடம் கேட்டாளாம்: "ஏனுங்க, சாப்பாட்டுக்கு மணி அடிச்சுப்போட்டாங்களா?"

"இல்லைங்கம்மா, எங்கயோ தீப்பிடிச்சிருக்கு."

"ஐயோ சாமி! ஆருங்க வெச்சது?"

அந்த நேரம் பார்த்து நான் முகமெல்லாம் கரியோடு இருமிக்கொண்டே வெளியே வந்தேன்.

"அதா வருது பாருங்க, என்ற புள்ள!" என்று அம்மா பெருமையாகக் காட்டினாள்.

மரத்தடியே சிரித்தது. பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. "அடிப்படையே தெரியாதவங்களைக் கூட்டிட்டு வந்தா இப்படித்தான்" என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். புகையில் வராத கண்ணீர் எனக்கு அப்போதுதான் வந்தது. எனக்குப் பின்னால் வர வேண்டிய பிள்ளைகளுக்கெல்லாம் சேர்த்து நானே கதவைச் சாத்திவிட்டேன் என்று நினைத்தேன்.

"என்னம்மா ஆச்சு?" என்று துறைத்தலைவி கேட்டார்.

"போட்னா என்னன்னு எனக்குத் தெரியலைங்க. கேக்கறதுக்கு வெக்கமா இருந்துச்சுங்க."

அம்மா முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள். கரி இன்னும் நன்றாகப் பரவியது.

"நம்மள்ல யாராவது இந்தப் பொண்ணுக்கு அதைக் காட்டினோமா?" துறைத்தலைவி சுற்றிப் பார்த்தார்.

"இல்லை மேடம்," ஸ்ரீஜித் அண்ணன் முன்னால் வந்தார். "தப்பு என்னோடதாக்கும்."

"சரி, அடுத்த வருஷம் வர்றவங்களுக்கு முதல் நாளே எல்லாத்தையும் காட்டிருங்க."

அடுத்த வருஷம்! அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தக் கரி முகத்தோடு நான் சிரித்தது பயங்கரமாக இருந்திருக்க வேண்டும்.

உலையைச் சுரண்டித் துடைக்க ஸ்ரீஜித் அண்ணனும் நானும் பட்ட பாடு தனிக்கதை. இன்று அதே ஆய்வுக்கூடத்தில்தான் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறேன். ஒவ்வொரு கோடையிலும் எங்கள் கல்லூரிப் பிள்ளைகள் வருகிறார்கள். முதல் நாள் பாத்திர அறிமுகம் என் பொறுப்பு. வீட்டில் நான் தோசைக்கு அடுப்பைப் பற்ற வைத்தாலே என் கணவர் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் போய் நிற்கிறார். போன மாதம் என் ஆய்வுக் கட்டுரை ஒன்று அச்சாகிவிட்டது என்று அம்மாவிடம் போனில் கத்தினேன்.

அவள் நிதானமாகக் கேட்டாள்: "சந்தோசம் கண்ணு. எல்லாரும் வெளிய வந்துட்டாங்களா?"