புகை இல்லாத வரைபடம்

ஏழை எளியவர்களும் நவநாகரிகமாக வாழ வேண்டும் என்று பெரியவர்கள் கூடித் தீர்மானித்ததன் பயனாக, மாத்தளை மலைத் தோட்டமொன்றில் மார்கிரட்டுக்கு லயக் காம்பரா என்னும் ஒற்றை அறைக்குப் பதிலாக ஒரு மாதிரி வீடு கிடைத்தது. ஹோலுக்கும் குசினிக்கும் நடுவில் சுவர் கிடையாது. அதற்குப் பெயர் ‘ஓப்பன் கிச்சன்’. கூரையின் அழகு கெட்டுவிடும் என்பதால் புகைக்கூண்டும் கிடையாது.

முதல் நாள் விறகடுப்பை மூட்டினாள். புகை ஹோலுக்கு வந்து, படுக்கையறையையும் பார்வையிட்டது. ஆஸ்துமாக்காரரான அவள் புருஷன் கபிரியேல் இருமிக்கொண்டே வெளியே ஓடினார். மனுஷன் உயிர் போய்விடுமோ என்று மார்கிரட் அடுப்பில் தண்ணீரை ஊற்றினாள். மறுநாளே வீடமைப்பு அலுவலகத்துக்குச் சொல்லி அனுப்பினாள்.

திட்ட அலுவலர் றொபின்சன் ஜீப்பில் வந்திறங்கி வரைபடத்தை விரித்தார்.

“இதுல எங்கம்மா புகை இருக்கு?”

“படத்துல இல்லீங்க ஐயா. வீட்டுலதான் இருக்கு.”

“அப்படின்னா குறைபாடு பாவனையாளர் தரப்புல. நீங்க எதுக்குக் குசினியில சமைக்கிறீங்க?”

மார்கிரட் வீட்டின் பின்பக்கத்தைக் காட்டினாள்.

“பின்னால ஒரு தகரக் கொட்டில் போட்டுக்கிறேங்க. அவருக்கு மூச்சு முட்டுது.”

“மாதிரி வீட்டுக்குப் பின்னால கொட்டிலா? திட்டத்தோட நோக்கமே பாழாயிரும்!”

“ஐயா வீட்டுல எங்கங்க சமைக்கிறாங்க?”

“எங்க வீட்டுக் குசினியில பென்ட்ரி மேடை போட்டிருக்கு. கிரனைட் கல்லு. பார்க்கிறவங்க அசந்து போவாங்க.”

“அதுலயா சமைக்கிறீங்க?”

“அதுலயா? எண்ணெய் தெறிச்சா நாசமாயிருமே! சமையல் எல்லாம் பின்னால, தகரக் கொட்...”

றொபின்சன் அவசரமாக வரைபடத்தைச் சுருட்டினார். ஆனாலும் கெட்ட மனுஷன் இல்லை. ‘துணைச் சமையற் கட்டமைப்பு’ என்ற பெயரில் கொட்டிலுக்கு அனுமதி வாங்கித் தந்தார். அடுத்துக் கட்டவிருந்த வீடுகளின் வரைபடத்திலும் அது கௌரவமாக ஏறிக்கொண்டது. கபிரியேலின் இருமல் அடங்கியது. மார்கிரட் சந்தோஷத்தில் மாதாவுக்கு மெழுகுதிரி ஏற்றினாள்.

பிறகு அடைமழை பிடித்தது. கொட்டிலில் அடுப்பு நனைந்தது. மருமகள் மதுஷிகா கரண்ட் கேத்தலைத் தூக்கிக்கொண்டு குசினிக்கு வந்தாள்.

“மாமி, மாமாவுக்கு பிளேன்டீ இங்கயே போடுறேன். இதுல புகையே வராது.”

குசினி மேடையில் சரிகைத் துணி விரித்து, பிளாஸ்டிக் பூ வைத்துக்கொண்டிருந்த மார்கிரட் பதறிப்போனாள்.

“அடியே, வைக்காத! லயத்து ஆளுங்க வீடு பார்க்க வர்ற நேரம். குசினியில போய் யாராச்சும் சமைப்பாங்களா? கொட்டிலுக்குப் போ. குடையை அடுப்புக்குப் பிடி!”