வண்டியைத் திருப்பத் தெரியாத மாமியார் மாப்பிள்ளைக்கு எழுதிக்கொண்டது

மரியாதைக்குரிய மாப்பிள்ளை அவர்களின் சமூகத்துக்கு,

இங்கே நான், என் பேத்தியாகிய உங்கள் மகள், தண்ணீர் மோட்டார் மூவரும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறோம். அங்கே நீங்கள், என் மகள், நீங்கள் கட்டுகிற பாலம் மூவரும் உறுதியாக நிற்க வேண்டும் என்பதே என் விருப்பம். உங்கள் மோட்டார் சைக்கிளுக்கு ஆசையாக வாங்கினீர்களே ஓர் உறை, அதைத் தூசி தட்டி, நான்கு மூலையிலும் செங்கல் வைத்து, ஷெட்டில் பத்திரமாக விரித்து வைத்திருக்கிறேன். அதைப் பற்றி உங்களுக்கு ஒரு துளி கவலையும் வேண்டாம்.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் நான் ஒரு பேச்சைத் தொடங்கினால் நீங்கள் முடித்து வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தில் அது முடியாது. மேலும் ஐந்தாம் வகுப்பில் கடிதம் எழுதுவதில் நான்தான் முதல். பத்தி எங்கே பிரிப்பது என்பது ஆறாம் வகுப்புப் பாடமாம், அதற்குள் என்னை நிறுத்திவிட்டார்கள். ஆகவே நடுவில் மூச்சு வாங்கிக்கொள்வது உங்கள் பொறுப்பு.

எதிர்வீட்டு ரிடையர்டு வாத்தியார் உங்களுக்கு போன் போட்டு, "உங்க மாமியார் உங்க வண்டிய எடுத்துக்கிட்டு மலைப்பக்கம் ஓடிட்டாங்க" என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன். ஒரு வாத்தியார் வாயில் வருகிற வார்த்தையா இது? இந்த வயதில் ஓடிப்போக எனக்கு ஆளும் இல்லை, முட்டியும் இல்லை. நடந்தது அத்தனையும் உங்கள் சொல்லைத் தட்டாமல் இருந்ததால் நடந்தது. "அத்தை, யாரும் வண்டியத் தொடக்கூடாது, வாரம் ஒரு தடவ நீங்க மட்டும் ஸ்டார்ட் பண்ணுங்க, இல்லன்னா பேட்டரி செத்துரும்" என்றீர்கள். தவறாமல் செய்தேன். அப்படியும் போன சனிக்கிழமை அது செத்துக் கிடந்தது. முக்குக் கடை மெக்கானிக்கைக் கூட்டிவந்தேன். அவர் பார்த்துவிட்டு, "நின்ன இடத்துலயே உறுமிக்கிட்டிருந்தா பேட்டரிக்கு என்னம்மா சேரும்? கொஞ்சம் ஓடணும். நான் பின்னாடி தள்றேன், நீங்க ஏறி உக்காந்து கிளட்ச்ச மட்டும் விடுங்க" என்றார். யாரும் தொடக்கூடாது, நான் மட்டும் தொடலாம் என்பது உங்கள் உத்தரவு. ஆகவே உங்கள் ஹெல்மெட்டை மாட்டினேன். அது என் தலையில் கிணற்றுக்குள் வாளி மாதிரி ஆடியதால் உள்ளே ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டேன். அவர் தள்ளினார், நான் கிளட்சை விட்டேன், வண்டி பிடித்துக்கொண்டது. பிடித்ததும் அவர் பின்னால் ஓடிவந்து, "அணைச்சிராதீங்கம்மா! அரை மணி நேரமாவது ஓடணும்! அணைஞ்சா அம்புட்டுதான்!" என்று கத்தினார். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக்கொண்டு வீடு திரும்பலாம் என்றுதான் கிளம்பினேன். தொட்டிப் பக்கம் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டியிருந்தார்கள். மிச்சம் இருந்தது மலைப்பாதை ஒன்றுதான். திரும்பியிருக்கலாமே என்பீர்கள். மாப்பிள்ளை, தைத்த பள்ளிச் சீருடைகளை மூட்டை கட்டி மொபெட்டில் வைத்து ஊரெல்லாம் கடை கடையாகப் போட்டவள் நான். எனக்கு ஓட்டத் தெரியும். ஆனால் மொபெட்டைத் திருப்ப வேண்டுமானால் இறங்கி, ஆட்டுக்குட்டியைக் காதைப் பிடித்து இழுப்பது மாதிரி இழுத்துத் திருப்பிவிடுவேன். உங்கள் வண்டி எருமை. கட்டைவிரல் நுனிதான் எனக்குத் தரையில் படுகிறது. ஒரு பக்கம் சாய்ந்தால் அது என்மேல் படுத்துத் தூங்கிவிடும். திருப்பவும் முடியாது, அணைக்கவும் கூடாது என்றால் ஒரு பெண்பிள்ளை என்ன செய்வாள்? நேராகப் போனேன்.

இந்த இடத்தில் ஒன்றை ஞாபகப்படுத்துகிறேன். மலைக்கு அந்தப் பக்கத்து மாட்டாஸ்பத்திரிக்கு நம் பிள்ளையை டாக்டராகப் போட்டு உத்தரவு வந்த அன்று நீங்கள் போனில் சொன்னது. "காட்டுப் பாதை அது. ஆள் நடமாட்டம் கிடையாது. ஒத்தப் பொண்ணு வண்டியில போற இடமா? வேண்டாம்னா வேண்டாம்." மாப்பிள்ளை முன்னால் எதிர்த்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை, அதனால்தான் பின்னால் எழுதுகிறேன். அன்றிலிருந்து அந்தப் பிள்ளை தட்டைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள், தட்டு அவளைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. நம் இரண்டு குடும்பத்திலும் முதல் டாக்டர். நோயாளி நாலு காலில் நடக்கிறான் என்பதற்காகப் படிப்பு குறைந்துபோகுமா? சொல்லப்போனால் கூட. மனுஷனாவது வலிக்கிற இடத்தை வாய்விட்டுச் சொல்வான். திங்கட்கிழமைக்குள் சேராவிட்டால் அந்த இடம் வேறு ஒருவருக்குப் போய்விடும் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

அந்தப் பாதையைத்தான் பார்த்தேன். காடு என்பது உண்மை. வளைவுக்கு வளைவு மரங்கள் இரண்டு பக்கமும் குனிந்து, என்னடா இது புதுசாக ஒரு கிழவி என்று எட்டிப் பார்த்தன. பாதி ஏறியதும் மேகம் வந்து மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் போனது, போகும்போது அழுக்காக்கிவிட்டும் போனது. காதுக்குள் காற்று, கீழே எங்கேயோ தண்ணீர் விழுகிற சத்தம், மூக்கு நிறைய ஈரமண் வாசனை. உங்கள் மாமனார் இருந்த காலத்தில் என்னை எங்கே கூட்டிப்போனாலும் மூட்டைக்குப் பின்னால்தான் உட்காரவைப்பார். முன்னால் உட்கார்ந்து பார்த்தால் உலகம் இவ்வளவு அகலம் என்பது எனக்கு இந்தச் சனிக்கிழமைதான் தெரிந்தது. பாட்டுக்கூடப் பாடினேன், யாரும் இல்லை என்ற தைரியத்தில். ஏற்றத்தில் வண்டி கொஞ்சம் முனகியது. உங்கள் வண்டிதானே, வேலை சொன்னால் முனகத்தான் செய்யும் என்று கியரைக் குறைத்தேன், ஏறிவிட்டது. உச்சியில் ஒரு செக்போஸ்ட். காக்கிச் சட்டைத் தம்பி ஒருவர் குறுக்கே வந்து நின்று, "ஏம்மா, உங்களுக்கு மட்டும் ஹெல்மெட் போதுமா? பின்னாடி உக்காந்திருக்கவருக்கு வேண்டாமா?" என்றார். கண்ணாடியில் பார்க்கிறேன், ஒரு கடுவன் குரங்கு! எந்த வளைவில் ஏறியதோ தெரியாது. என் பாட்டை முழுக்கக் கேட்டிருக்கிறது. ஒரு நன்றிகூடச் சொல்லாமல் இறங்கிப் போய்விட்டது. ஆகவே நான் தனியாகப் போனேன் என்று யாராவது சொன்னால் அதுவும் முழு உண்மையில்லை.

இனிமேல் எழுதுவதை உட்கார்ந்து படிக்கவும். "வண்டிய அணைச்சுட்டு வந்து கையெழுத்துப் போடுங்கம்மா" என்றார் அந்தத் தம்பி. அணைக்க முடியாதே என்றேன். "இந்த வயசுல தனியா, காட்டுக்குள்ள, எங்க கிளம்பிட்டீங்க?" திருப்பத் தெரியாமல் வந்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு மானக்கேடாக இருந்தது. நாக்கில் என்ன வந்தது தெரியுமா? "அந்தப் பக்கம் மாட்டாஸ்பத்திரிக்கு வரப்போற டாக்டர் என் பேத்தி. பாதை எப்படி இருக்குன்னு பாத்துட்டு வரச்சொல்லி அவ அப்பா, அதான் என் மாப்பிள்ளை, அவரோட சொந்த வண்டியக் குடுத்து அனுப்பினாரு." தம்பி வாயைப் பிளந்தார். "மாமியாரையா அனுப்பினாரு?" "ஆமா தம்பி. வண்டி போனா வேற வண்டி வாங்கிக்கலாம், பொண்ணுக்கு ஒண்ணு ஆச்சுன்னா வாங்க முடியுமான்னு கேட்டாரு. மாமியாரப் பத்தி ஒண்ணும் சொல்லல." அவர் விறைப்பாக நின்று எனக்கு ஒரு சல்யூட் வைத்தார், மாப்பிள்ளை! எனக்கென்ன, உங்களுக்குத்தான். அதோடு விட்டாரா? அந்தப் பக்கம் ஆஸ்பத்திரிக்கு போன் போட்டு, "டாக்டரம்மாவோட அப்பா ஆள் அனுப்பியிருக்காரு, வர்றாங்க" என்று சொல்லிவிட்டார். "திரும்பி வர்றப்ப உங்க நம்பரக் குடுத்துட்டுப் போங்கம்மா, டாக்டரம்மா இந்தக் கேட்டத் தாண்டினா உங்களுக்குத் தகவல் வந்துரும்" என்றும் சொன்னார். நீங்கள் ஆள் நடமாட்டமே இல்லை என்ற பாதையில் கிடைத்த முதல் ஆள் இவர்.

இறக்கத்தில் போய் ஆஸ்பத்திரி வாசலில் நின்றால் ஒரு கூட்டமே காத்திருக்கிறது. மாடு, ஆடு, நாய், அவரவர் சொந்தக்காரர்கள். டாக்டர் இல்லாததால் கம்பவுண்டர் எல்லா உயிருக்கும் ஒரே மாத்திரை கொடுத்துக்கொண்டிருக்கிறார். எனக்கு முட்டி வலி என்றதும் அதிலேயே பாதி உடைத்து நீட்டினார், வேண்டாமென்றுவிட்டேன். ஒரு பெண் வயிறு பானையாக உப்பிய ஆட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். "அது ஒண்ணுதாங்க எங்க வீட்டுப் பாலு. எம்புள்ளைக்கு இன்னும் பல்லு முளைக்கலைங்க." எனக்குத் தெரிந்தது தையல். ஆட்டுக்குத் தையல் போட வேண்டிய நிலைமை இன்னும் வரவில்லை. நம் பிள்ளைக்கு போன் போட்டேன். முதலில், "பாட்டி! எங்க இருக்கீங்க? அப்பாவோட வண்டிய..." என்று கத்தினாள். "அதெல்லாம் அப்புறம் கத்து. ஆட்டுக்கு வயிறு உப்பியிருக்கு" என்றேன். அடுத்த வார்த்தையில் குரலே மாறிவிட்டது, மாப்பிள்ளை. நம் வீட்டில் உப்பு எங்கே இருக்கிறது என்று கேட்கிற குரல் இல்லை அது. "எந்தப் பக்கம் பெருசா இருக்கு? இடதா? தட்டினா கொட்டு மாதிரி சத்தம் வருதா? முன்னங்கால உயரத்துல வெச்சு நிறுத்துங்க. கம்பவுண்டர்கிட்ட போனக் குடுங்க." எவ்வளவு எண்ணெய், எப்படிப் புகட்டுவது, எங்கே தேய்ப்பது என்று அங்கிருந்து அவள் சொல்ல, கம்பவுண்டர் புகட்ட, நான் தேய்க்க, கொஞ்ச நேரத்தில் அந்த ஆடு ஒரு ஏப்பம் விட்டது பாருங்கள், சாப்பாட்டுக்குப் பிறகு நம் வாத்தியார் விடுவதெல்லாம் அதன் கால்தூசுக்குக் காணாது. அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "டாக்டரம்மா எப்பங்க வருவாங்க?" "திங்கக்கிழம" என்றேன். "நெசமாவா? இப்படித்தான் ரெண்டு பேரு வர்றோம்னுட்டு வரலைங்க." நான் என்ன சொல்ல? "என் மாப்பிள்ளை ஒரு வார்த்த சொன்னா சொன்னதுதான்" என்றேன். அது பொய்யில்லை. எந்த வார்த்தை என்றுதான் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் பின்னாலேயே டாக்டருக்கு இரண்டு அறை வீடு. ஓடு ஒழுகவில்லை. தாழ்ப்பாளை மூன்று தடவை போட்டுப் பார்த்தேன், இறுக்கமாக விழுகிறது. அடுத்த கதவு கம்பவுண்டர் குடும்பம், அவர் மனைவி ஒரு தும்மல் தும்மினால் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்கும். வேறென்ன பாதுகாப்பு வேண்டும்? திரும்பும் நேரம் வந்தபோது நான் வண்டியில் ஏறி உட்கார்ந்து பாதையைப் பார்த்தேன், வண்டி சுவரைப் பார்த்தது. வெட்கத்தை விட்டு விஷயத்தைச் சொன்னேன். ஆடு மேய்க்கிற நாலு பேர் வந்து, வண்டியோடு என்னையும் சேர்த்துத் தூக்கி அப்படியே திருப்பி வைத்தார்கள். நாலு பேர் தூக்கினால் திரும்பி வரமாட்டார்கள் என்பார்கள். நான் நாலு பேர் தூக்கியதால்தான் திரும்பி வந்தேன். பேட்டரிக்கு மலையேறிய ஏற்றத்தில் அஜீரணமே வந்திருக்கும், தொட்டதும் ஸ்டார்ட் ஆகிறது. வண்டியில் புதுக் கீறல் எதுவும் இல்லை. பழைய கீறல் ஒன்று கொஞ்சம் வளர்ந்திருக்கிறது.

ஆக மாப்பிள்ளை, இப்போது நிலைமை இதுதான். உங்களை நேரில் பார்த்திராத ஒரு மலை முழுக்க உங்கள் பெருமையைப் பேசுகிறது. "அப்பன்னா அப்படி இருக்கணும், தடுக்காம பாதையப் பாக்க ஆள் அனுப்பினாரு பாரு" என்று கம்பவுண்டர் என் காதுபடவே சொன்னார். நீங்கள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான், அந்த மலையிடம் நீங்களே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், எனக்கு அந்தத் தைரியம் இல்லை. முடிவு முழுக்க முழுக்க உங்களுடையது. உங்கள் பதில் கையில் கிடைக்காமல் நம் பிள்ளையை வாசற்படி தாண்ட விடமாட்டேன். தபால் அங்கே வந்து சேர ஒரு வாரம் ஆகும் என்று தபால்காரர் சொல்கிறார், அது அவர் இலாகா.

என் மகளுக்கு ஆசிகள். உங்கள் பாலம் எந்தப் பாரத்தையும் தாங்கட்டும், நீங்களும் இந்தக் கடிதத்தைத் தாங்குங்கள். எப்போதும் உங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட,

அன்பு மாமியார்.

பின்குறிப்பு: இன்று திங்கட்கிழமை. நான் மேசையில் குனிந்து மேலே உள்ளதை எல்லாம் எழுதிக்கொண்டிருந்தபோது பின்னால் வாசற்படியை யாரோ தாண்டியது மாதிரி இருந்தது. எழுத்து கெட்டுவிடும் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஷெட்டில் உறை பத்திரமாக இருக்கிறது, உறைக்குள் வண்டிதான் இல்லை. உங்கள் ஹெல்மெட் அவளுக்குத் துண்டே இல்லாமல் கச்சிதமாகப் பொருந்துகிறது, தலை அப்படியே உங்கள் தலை. செக்போஸ்ட்டைத் தாண்டிவிட்டாள் என்று இப்போதுதான் தம்பி போன் செய்தார், உங்களையும் விசாரித்தார். இன்னொன்று: வண்டியைத் திருப்பத் தெரியாதவள் நான்தான். அவளுக்கு நன்றாகத் தெரியும், சின்ன வயதில் நீங்கள் கற்றுக்கொடுத்ததுதானே. தெரிந்தும் அவள் திருப்பவில்லை.